மெம்டெஸ்ட்86: ரேமின் வேகத்தைக் கூட்டும் முன் கையில் இருக்க வேண்டிய யுஎஸ்பி

ஒரு நாள் ஒரு ஜிப் கோப்பு திறக்க மறுத்தது. சிஆர்சி பிழை, அதாவது கோப்பின் சரிபார்ப்பு எண் ஒத்துப்போகவில்லை என்றது. அதற்குள் இருந்தவை எங்கள் குடும்பத்தின் பழைய புகைப்படங்கள். மூன்று வாரமாக ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, நான்கு ஜிப்களாகக் கட்டி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தேன். மற்ற மூன்று ஜிப்களும் ஒழுங்காகத் திறந்தன. ஆனால் அவற்றிலும் சில படங்களில் மேல் பாதி சரியாக இருந்தது, கீழ்ப் பாதி முழுக்கச் சாம்பல் பட்டைகள். மொத்தம் பதினொரு படங்கள்.

அந்த மூன்று வாரத்தில் கம்ப்யூட்டர் ஒரு முறைகூட நிற்கவில்லை, நீலத் திரை வரவில்லை, கேம்கள் ஓடின. ஸ்கேன் வேலையைத் தொடங்குவதற்கு முதல் நாள் இரவுதான் ரேமின் வேகத்தை 3600-லிருந்து 3800-க்கு ஏற்றியிருந்தேன். விண்டோஸ் நன்றாகத் திறந்தது, வேகம் அளக்கும் நிரலில் எண் கூடியது, சரி முடிந்தது என்று விட்டுவிட்டேன். ஜிப் திறக்காத அன்று மாலைதான், ரேம் பிழை செய்கிறதா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ முதன்முதலாக இறக்கினேன். இரண்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு இந்தக் கருவியைக் கேட்காமல் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் செட்டிங் திரை) ஒரு எண்ணைக்கூட நான் மாற்றுவதில்லை.

இது விண்டோஸுக்குள் ஓடும் நிரல் அல்ல. தளத்திலிருந்து இறக்கும் ஜிப்பிலேயே இமேஜ்யுஎஸ்பி என்ற சிறு கருவியும் கூட வருகிறது. அதை வைத்து ஒரு யுஎஸ்பியில் எழுத வேண்டும். அந்த யுஎஸ்பியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஆகவே காலியான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, யுஎஸ்பியைச் செருகி, பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால் நேராகச் சோதனைத் திரை. இடையில் விண்டோஸ் இல்லாததால் இரண்டு நன்மைகள் உண்டு. ரேமின் பெரும்பகுதியைச் சோதனைக்கே எடுத்துக்கொள்ள முடிகிறது. அதைவிடப் பெரிய நன்மை, ரேம் தவறு செய்தால் அந்தத் தவறு உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் போய் எழுதப்படுவதில்லை. தவறான செட்டிங்கோடு விண்டோஸைத் திறப்பதே ஆபத்து. திறக்கும்போதே அது எதையாவது எழுதிக்கொண்டிருக்கும், எழுதுவது ரேம் வழியாகத்தான் போகும்.

முதல் இரவு நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒன்றும் இல்லை. இருபது நிமிடம் போல ஆனது, பிழைகள் என்ற இடத்தில் 0 அப்படியே நின்றது. ரேம் மேல் தப்பில்லை, ஹார்ட் டிஸ்க்தான் போயிருக்கும் என்று எழுந்து போகப் பார்த்தேன். அப்போது திரையின் கீழே சிவப்பில் ஒரு வரி வந்தது. எதிர்பார்த்தது 40404040, கிடைத்தது 40404050. அவ்வளவுதான். பதினாறின் அடிமானத்தில் எழுதப்படும் எண் அது. 4 இருக்க வேண்டிய ஓர் இடத்தில் 5 என்றால் 32 பிட்டில் ஒரே ஒரு பிட், 0-ஆக இருக்க வேண்டியது 1 ஆகிவிட்டது என்று பொருள். பிறகு நாற்பது நிமிடத்துக்கு எதுவும் இல்லை. அப்புறம் இன்னொன்று. காலையில் பார்த்தபோது மொத்தம் ஏழு.

ஏழு பிழை என்றால் குறைவு என்று தோன்றும். 32 ஜிபியில் எத்தனையோ ஆயிரம் கோடி பிட்டுகள் இருக்கின்றன, அதில் ஏழு. ஆனால் அந்த ஏழில் ஒன்று ஒரு ஜேபெக் படத்தின் நடுவில் விழுந்தால், அதற்குக் கீழே உள்ள படம் முழுவதும் போய்விடும். ஜேபெக்கில் ஒரு பகுதியைப் படிப்பதற்கு அதற்கு முந்தைய பகுதி சரியாக இருந்தாக வேண்டும். என் சாம்பல் பட்டைகள் அப்படி வந்தவைதான்.

ஒரு ஜிப் திறக்காததும் மூன்று திறந்ததும் ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஜிப் கட்டும்போது முதலில் கோப்பை ரேமுக்கு எடுத்து, அதிலிருந்து ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்குக்குப் பிறகு பிட் புரண்டால் எண் ஒத்துப்போகாது, ஜிப் கத்தும். கணக்குக்கு முன்பே புரண்டிருந்தால் கெட்டுப்போன படத்துக்கே சரியான எண் போடப்பட்டுவிடும். ஜிப்புக்கு எந்தக் குறையும் தெரியாது. இந்த இரண்டாவது வகைதான் என்னை இன்றும் பயமுறுத்துகிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் போடும் சாதாரண ரேமில் பிழை திருத்தும் வசதி இல்லை. டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேமில் சிப்புக்குள்ளேயே ஒரு திருத்தம் உண்டு, ஆனால் அது சிப்புக்கு உள்ளே நடப்பதை மட்டும் கவனிக்கும். சிப்பிலிருந்து புராசஸர் வரை போகும் வழியில் நடப்பது அதற்குத் தெரியாது. ஓவர்க்ளாக்கில், அதாவது வரையறுத்த வேகத்துக்கு மேல் ஓட்டும்போது, தகராறு வருவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

என் விஷயத்தில் குற்றவாளி பயாஸில் இருக்கும் டிஆர்எஃப்சி என்ற எண். 3800-க்குப் போன கையோடு அதை 560-லிருந்து 480-க்குக் குறைத்திருந்தேன். ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும். காலியாவதற்குள் படித்துத் திரும்ப எழுத வேண்டும், இதைத்தான் ரிஃப்ரெஷ் என்கிறார்கள். ஒரு ரிஃப்ரெஷ் முடியக் கொடுக்கும் நேரம் டிஆர்எஃப்சி. 3800 என்பது உண்மையில் 1900 மெகாஹெர்ட்ஸ் க்ளாக், ஒரு க்ளாக்குக்கு இரண்டு முறை தரவு போவதால் எண் இரட்டிப்பாகத் தெரிகிறது. அந்தக் க்ளாக்கில் 560 என்றால் ஏறக்குறைய 295 நானோ வினாடி. 480 என்றால் 253. என் சிப்புகளுக்கு அந்த 253 போதவில்லை. குளிர்ச்சியாக இருந்தபோது எப்படியோ சமாளித்தன, சூடானதும் கசிவு கூடியது, ஏழு பிட்டுகள் விழுந்தன. டிஆர்எஃப்சியை மட்டும் பழையபடி 560 ஆக்கிவிட்டு அடுத்த இரவு ஓட்டினேன். பிழை 0.

இந்த இடத்தில்தான் இந்தக் கருவி எனக்குப் பிடித்துப்போனது. பிழை வந்ததும் முழு ஓவர்க்ளாக்கையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஓர் எண்ணை மாற்று, ஓட்டு, பார். எது கெட்டது என்று தானாகத் தெரிந்துவிடும். ஒரே நாளில் ஐந்து எண்களை மாற்றினால் இந்த வசதி முழுவதும் வீண், ஐந்தில் எது என்று கடைசிவரை தெரியாது.

சோதனைகளும் யோசித்துச் செய்யப்பட்டவை. ஒன்று ரேம் முழுவதும் ஒரு வடிவத்தை எழுதும், பிறகு கீழிருந்து மேலே படித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் தலைகீழாக்கும், பிறகு மேலிருந்து கீழே. இன்னொன்று பெரிய பெரிய கட்டங்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது பத்தாவது சோதனை. ரேமை முழுக்க நிரப்பிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருக்கும், பிறகு எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். கசிவைப் பிடிக்க இதைவிட நேரடியான வழி இல்லை. பதின்மூன்றாவது சோதனை ரோஹேமர். ரேமில் ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பப் படித்தால் பக்கத்து வரிசையில் பிட் புரளும் என்று 2014-இல் ஆய்வாளர்கள் காட்டிய குறைபாட்டைச் சோதிப்பது. அதில் மட்டும் பிழை வந்தால் உங்கள் செட்டிங்தான் காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், ஓவர்க்ளாக் செய்யாத நிலையிலும் ஒருமுறை ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இலவசப் பதிப்பு எல்லாச் சோதனைகளையும் நான்கு சுற்று ஓட்டிவிட்டு நின்றுவிடும். வீட்டுக்கு அது போதும். என் 32 ஜிபிக்கு நான்கு சுற்று முடிய ஏழரை மணி நேரம் ஆகிறது, தூங்கப் போகும்போது போட்டுவிட்டால் காலையில் முடிந்திருக்கும். காசு கொடுத்து வாங்கும் பதிப்பு தினமும் பத்து மெஷின் சரிபார்ப்பவர்களுக்கு உதவும். பெயரைப் பார்த்து ஒன்று: இறுதியில் கூட்டல் குறியோடு மெம்டெஸ்ட்86+ என்று ஒன்று இருக்கிறது, அது வேறு. ஒரே வேரிலிருந்து பிரிந்த திறந்த மூல நிரல். சுற்றுக்கு வரம்பெல்லாம் அதில் கிடையாது. அதுவும் நல்லதே. எனக்கு இதன் திரை பழகிவிட்டது, அதனால் இதிலேயே இருக்கிறேன்.

ரேம் பெட்டியில் 3600 என்று அச்சடித்திருக்கிறதே, எக்ஸ்எம்பியை (அந்த வேகத்தைத் தானாக அமைக்கும் பயாஸ் வசதி) ஆன் செய்வதற்கும் சோதனை வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும். அந்த எண் ஓவர்க்ளாக்தான். என் புராசஸரான ரைசன் 5 5600எக்ஸுக்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் ரேம் வேகம் 3200. என் ரேம் வகையான டிடிஆர்4-இன் அடிப்படை மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி அதை 1.35 ஆக்கிவிடுகிறது. தங்கள் வரையறைக்கு வெளியே ஓட்டினால் உத்தரவாதம் போய்விடும் என்று ஏஎம்டி வெளிப்படையாக எழுதியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். என் பழைய மெஷினில் ஒரு ஜோடி ரேமோடு அதே மாதிரியில் இன்னொரு ஜோடி வாங்கிப் போட்டபோது நான்கும் சேர்ந்து 3600-இல் ஓடவில்லை. இரண்டாம் நிமிடத்திலேயே திரை சிவந்தது. விற்றவரும் தயாரித்தவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், பெட்டி மீதுள்ள எண் அந்தப் பெட்டிக்குள் சேர்ந்து வந்த துண்டுகளுக்கு மட்டுமே. நான்கையும் 3200-க்கு இறக்கினேன், பிரச்சினை தீர்ந்தது.

இனி இதன் எல்லை. மெம்டெஸ்ட்86 ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும். பெட்டிக்குள் பெரிய வெப்பம் எழாது. என் ரேமில் வெப்பமானி இருக்கிறது: வேறு வேலை இல்லாமல் ரேமை மட்டும் சோதிக்கும்போது 40 டிகிரியைச் சுற்றி நிற்கும். இரண்டு மணி நேரம் வீடியோ ரெண்டர் செய்தால் 52. அந்த 12 டிகிரியில் நிறைய மாறும். ஆகவே மெம்டெஸ்ட்86-இல் பிழை 0 என்பதை, இனி விண்டோஸைத் திறக்கலாம் என்ற அனுமதியாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு, ரேமுக்கும் சுமை கொடுக்கும் பிரைம்95-இன் பெரிய எஃப்எஃப்டி சோதனையையும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு சுமையையும் சேர்த்து இரண்டு மணி நேரம். பிரைம்95 மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது. விடை தப்பாக வந்தால் அதுவே கண்டுபிடித்துவிடும். ரவுண்டிங் 0.5 வந்தது, 0.4-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று சொல்லி நின்றுவிட்டால் உங்கள் செட்டிங் தேறவில்லை.

இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில், வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் டபிள்யூஎச்இஏ என்ற பெயரில் 19-ஆம் எண் எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தால், பிழை வந்து திருத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ரைசனில் ரேமும், புராசஸரின் பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் ஒரே க்ளாக்கில் ஓடுவதுதான் நல்லது. 3600-க்கு ஃபேப்ரிக் 1800, 3800-க்கு 1900. என் புராசஸர் 1900-இல் ஓடியது, ஆனால் ஒரு மணி நேரத்தில் அந்த 19-ஆம் எண் முப்பதைத் தாண்டியது. ரேம் தாங்கினாலும் ஃபேப்ரிக் தாங்கவில்லை. அன்றே 3600-க்கு இறங்கிவிட்டேன், மறுபடி ஏறவில்லை. வேகத்தில் என்ன இழந்தேன்? சிஎல்16, அதாவது கேட்ட தரவு வரப் பதினாறு க்ளாக் என்றால், 3800-இல் 8.4 நானோ வினாடி, 3600-இல் 8.9. அரை நானோ வினாடி. என் வேலையில் அதை உணரவே முடியாது.

புராசஸருக்கு வருகிறேன். மெம்டெஸ்ட்86-இன் வேலை ரேமோடு முடிகிறது. புராசஸருக்கு நான் நம்புவது கோர்சைக்ளர் என்ற சிறிய ஸ்கிரிப்ட். இலவசம். அது பிரைம்95-ஐ ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரில் ஓட்டி, பிறகு அடுத்த கோருக்கு மாற்றும். இது ஏன் முக்கியம் என்று எனக்கு விளங்க ஒரு மாதம் ஆனது. 5600எக்ஸில் கர்வ் ஆப்டிமைசரை எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 20 வைத்திருந்தேன். அதாவது அதே வேகத்துக்குக் கொஞ்சம் குறைந்த மின்னழுத்தம். ஆறு கோர்களும் சேர்ந்து வேலை செய்யும் சோதனைகளை மணிக்கணக்காகத் தாண்டியது. ஆனால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால், திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். சுமை இருக்கும்போது தாங்குகிறது, சும்மா இருக்கும்போது விழுகிறது! பவர் சப்ளை மேல் சந்தேகப்பட்டு அதைக்கூட மாற்றிப் பார்த்தேன்.

காரணம் இதுதான். எல்லாக் கோர்களும் உழைக்கும்போது மின்சக்தி வரம்பு குறுக்கிட்டு வேகம் குறைந்துவிடும், 5600எக்ஸுக்கு அந்த வரம்பு 76 வாட். சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு சின்ன வேலை வந்தால் ஒற்றைக் கோர் சட்டென்று உச்சிக்குப் பாயும். அந்த உச்சியில்தான் மின்னழுத்தம் போதாமல் போகிறது. நன்றாக ஓடும் கோர்களுக்கு ஏற்கெனவே இறுக்கமாகத்தான் மின்னழுத்தம் கொடுத்திருப்பார்கள், அவற்றிடம் குறைக்க அதிகம் இருக்காது. கோர்சைக்ளரைக் கோருக்கு ஒரு மணி நேரம் வீதம் ஓட்டியபோது இரண்டாம் கோர் நான்காவது நிமிடத்தில் விழுந்தது. அதுதான் என் சிப்பின் சிறந்த கோர். இப்போது அதற்கு மைனஸ் 4, இன்னொன்றுக்கு மைனஸ் 8, மீதி நான்குக்கு மைனஸ் 20. அதன் பிறகு தானாக ரீஸ்டார்ட் ஆனதே இல்லை.

மின்னழுத்தத்தை ஏற்றும் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. வேகம் அதே இருக்க, மின்னழுத்தத்தை 1.25-லிருந்து 1.40-க்கு ஏற்றினால் மின்சக்தி அதன் வர்க்கத்தில் ஏறும், கிட்டத்தட்ட 25 சதவீதம் கூடுதல் வெப்பம். வெப்பத்தையாவது நல்ல கூலர் பார்த்துக்கொள்ளும். சிப்புக்குள் இருக்கும் மெல்லிய உலோக வழிகள் அதிக மின்னோட்டத்திலும் சூட்டிலும் மெல்ல மெல்லத் தேய்வதை எந்தக் கூலரும் முழுவதும் தடுக்காது. நாம் தொடாத எண்களையும் பார்க்க வேண்டும். 2023-இல் சில ரைசன் 7000 புராசஸர்கள் எரிந்துபோனபோது, ரேம் வேகத்துக்காக மதர்போர்டுகள் தானாக ஏற்றிய எஸ்ஓசி மின்னழுத்தம் (புராசஸருக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போவது) காரணங்களில் ஒன்றாக இருந்தது. ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று உச்ச வரம்பு போட்டது. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைப் புராசஸர்களும் அளவுக்கு மீறி மின்னழுத்தம் கேட்டுச் சேதமாயின, புராசஸரின் உள் நிரலான மைக்ரோகோடை மாற்றித்தான் அதைத் தடுத்தார்கள். அதனால் எக்ஸ்எம்பியோ, ஏஎம்டியின் அதே மாதிரி வசதியான எக்ஸ்போவோ ஆன் செய்த உடனே எச்டபிள்யூஇன்ஃபோ என்ற நிரலில் எல்லா மின்னழுத்தங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பயாஸையும் புதுப்பித்துவிடுங்கள். என் 5600எக்ஸ் மெஷினில் எஸ்ஓசியை ஆட்டோவில் விடாமல் 1.10-இல் நிறுத்தியிருக்கிறேன். ரேமுக்கு 1.40-க்கு மேல் கொடுப்பதில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் பயப்படுவது திரை வராமல் போவதற்குத்தான். அதற்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். மதர்போர்டில் சிமோஸை (பயாஸ் செட்டிங்குகள் சேமிக்கப்படும் இடம்) அழிக்கும் ஜம்பர் எங்கே என்று முதலிலேயே பார்த்து வையுங்கள், பழைய நிலைக்கு ஒரு நிமிடத்தில் திரும்பிவிடலாம். டிடிஆர்5 மெஷினாக இருந்தால் செட்டிங் மாற்றிய பிறகு முதல் முறை திரை வரச் சில நிமிடங்கள் ஆகலாம், அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள். திரை வராதது கண்ணுக்குத் தெரியும் கோளாறு. திரையும் வந்து, எல்லாம் ஓடியும், படத்தின் கீழ்ப் பாதி சாம்பலாவதுதான் கண்ணுக்குத் தெரியாதது. முதல் செட்டிங்கைத் தொடும் முன்பே முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். சோதனை நாட்களில் அதை இணைக்கவே வேண்டாம்.

மெம்டெஸ்ட்86-க்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். பிழை வந்தால் எந்த ஸ்லாட்டில் இருக்கும் ரேம் என்பதை எல்லா வீட்டு மதர்போர்டிலும் இலவசப் பதிப்பே நேராகச் சொல்லிவிட்டால் அந்த அரையையும் கொடுத்திருப்பேன். இப்போதைக்கு நாம்தான் ஒவ்வொரு துண்டாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

என் யுஎஸ்பி கேபினெட்டின் பின்பக்கம் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. கூடவே ஒரு துண்டுக் காகிதம்: 3600, டைமிங் 16-19-19-38, டிஆர்எஃப்சி 560, 1.38 வோல்ட், நான்கு சுற்று, பிழை 0. பதினொரு படங்களில் ஒன்பதை மறுபடி ஸ்கேன் செய்துவிட்டேன். மீதி இரண்டின் அசல் அத்தை வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறது. அடுத்த மாதம் வாங்கி வருகிறேன், அதற்கு முதல் நாள் இரவு இன்னொரு முறை ஓட்டிவிட்டு.